ஆடிக் காற்றும் ஒரு குறிப்பேடும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மி பறந்ததை நாம் கண்டதில்லை. ஆனால் நான்கு இளைஞர்களின் இரண்டு மாத உழைப்பு ஒரு நிமிடத்திற்குள் காற்றோடு போனதை அண்ணனூரில் நம் கண்களாலேயே கண்டோம். அன்று தவறு செய்தவர் யார் என்பதை உணர நமக்கு மூன்று வாரங்கள் ஆயின. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், பிறரை வழிநடத்தும் பொறுப்பில் இருப்போருக்கும் அந்நிகழ்ச்சி பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறோம்.

இது ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நாம் அப்போது அப்பகுதியில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றி வந்தோம். திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள அண்ணனூர், மின்தொடர் வண்டிகளின் பணிமனையால் பெயர்பெற்ற ஊர். பணிமனைத் தொழிலாளர், ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியில் செல்வோர் ஆகியோரின் குடும்பங்களே அங்கு மிகுதி. இரும்பையும் மரத்தையும் கையாளத் தெரிந்த தந்தையருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் கைவேலையில் ஆர்வம் இருப்பது இயல்பே அன்றோ!

எஞ்சின் இல்லாத விமானம்

அந்த இளைஞர்களுள் மூத்தவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று வந்தான். பள்ளியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தபோது மாதிரி விமானங்கள் செய்யக் கற்றிருந்தான். வெளிநாட்டில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொடுத்த பழைய ரேடியோ கருவி ஒன்று அவனிடம் இருந்தது. நீண்ட ஆன்டெனாவும் இரண்டு கைப்பிடிகளும் கொண்ட பெட்டி அது. அதிலிருந்து புறப்படும் அலைகளை விமானத்தினுள் இருக்கும் சிறு கருவி வாங்கி, இரண்டு சிறிய மோட்டார்களைத் திருப்பும். ஒன்று வாலிலுள்ள சுக்கானை இடவலமாக அசைக்கும். மற்றொன்று ஏற்றத் தகட்டை மேலும் கீழுமாக அசைக்கும்.

அவர்கள் செய்தது 'கிளைடர்' எனப்படும் சறுக்கு விமானம். அதற்கு எஞ்சின் கிடையாது. பட்டம் ஏற்றுவதுபோல் ஒருவன் நூலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓட, விமானம் மேலே ஏறும். உச்சியில் நூல் தானாகக் கழன்றுகொள்ளும். அதன் பிறகு காற்றிலே சறுக்கியவாறு மெல்ல மெல்ல இறங்கி வரவேண்டியதுதான். மிக இலேசான பால்சா மரத்தைச் சீவி, ஒட்டி, மெல்லிய தாளைப் போர்த்தி, 6 அடி நீளமுள்ள இறக்கையை அவர்கள் செய்து முடித்தார்கள். பங்கு இல்லத்தின் பின்புறத் தாழ்வாரமே அவர்களுக்குப் பட்டறையாயிற்று.

தவறுகள் கற்பித்தவை

தொடக்க நாள்களில் விமானம் பறந்த நேரத்தைவிட ஒட்டப்பட்ட நேரமே அதிகம். ஆனால் மூத்தவன் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தான். ஒவ்வொரு முறை விழுந்ததும் பசையை எடுப்பதற்கு முன் நோட்டை எடுப்பான். 'என்ன நேர்ந்தது? ஏன் நேர்ந்தது? அடுத்த முறை என்ன செய்வது?' என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே உடைந்த துண்டுகளைத் தொடுவான். அந்த நோட்டிலிருந்து நாம் கற்றவற்றுள் சில வாசகர்களுக்கும் சுவையாக இருக்கும்.

விமானம் மிதப்பது தரையில் அல்ல, காற்றில். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கும் விமானம் ஒன்று, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் பறப்பதாகக் கொள்வோம். காற்றின் போக்கிலேயே சென்றால் தரையைப் பொறுத்தவரை அதன் வேகம் 50 கிலோமீட்டர். காற்றை எதிர்த்துத் திரும்பினாலோ வெறும் 10 கிலோமீட்டர்! 200 மீட்டர் தொலைவு போவதற்கு ஏறத்தாழ 14 வினாடி போதும். அதே தொலைவு திரும்பி வர 72 வினாடி வேண்டும். அந்த 72 வினாடியில் விமானம் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்தை இழந்துவிடும். அவ்வளவு உயரம் கையிருப்பில் இல்லையென்றால் வீடு திரும்ப இயலாது. ஆகவே விமானத்தைக் காற்று வரும் திசையிலேயே, நமக்கு முன்னால் வைத்துப் பறக்கவிட வேண்டும். தலையைத் தாண்டி நமக்குப் பின்னால் போகவிடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. எதிர்க்காற்றில் விமானம் அந்தரத்தில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் கை தானாகவே மூக்கை மேலே தூக்கும். மூக்கு நிமிர்ந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் கல்லைப்போல் விழும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூக்கைச் சற்றுக் கீழே தாழ்த்துவதே. தாழ்ந்தால்தான் வேகம் கிடைக்கும்; வேகம் இருந்தால்தான் காற்றைக் கிழித்து முன்னேற முடியும்.

மூன்றாவது, விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகிவிடுகிறது. திசை தடுமாறி எத்தனையோ முறை விழுந்த பிறகு, 'தாழ்ந்த இறக்கையின் பக்கமே கைப்பிடியைச் சாய்' என்ற எளிய விதியை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நான்காவது நமக்கே வியப்பளித்தது. காற்று மிகுந்த நாளில் விமானத்தின் எடையைக் குறைக்கக் கூடாதாம், கூட்ட வேண்டுமாம்! இறக்கைக்கு நேர் கீழே, எடை நடு மாறாதபடி ஈயத்துண்டுகளை வைத்தால், விமானம் விரைவாகச் சறுக்கிக் காற்றை எதிர்த்து நிற்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மரக்கிளைகள் முழுவதும் ஆடத் தொடங்கினால் எந்த எடையும் உதவாது. பெட்டியை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவதே அறிவுடைமை.

இவற்றோடு நம் ஊர்க் காற்றின் குணத்தையும் அந்த நோட்டுக் குறித்து வைத்திருந்தது. காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடற்காற்று நுழையும்போது திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். கடற்கரையிலிருந்து விலகியிருக்கும் நம் பகுதிக்கு அது தாமதமாகவே வந்து சேரும். சில நாள்களில் வராமலேயே போவதும் உண்டு. 'நேற்று வீசியது போல் இன்றும் வீசும் என்று நம்பாதே' என்று ஒரு பக்கத்தின் அடியில் கோடிட்டு எழுதியிருந்தான்.

விழா நாளன்று

ஆகஸ்டு 15 வந்தது. மரியன்னையின் விண்ணேற்பு விழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒருங்கே அமையும் நன்னாள். மாலையில் இளையோர் நிகழ்ச்சிகள் நடத்தத் திட்டமிட்டு, இளைஞர்களின் விமானம் பறக்கும் என்று நாம் முன்கூட்டியே அறிவித்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் ஒருவரும் வந்திருந்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் மைதானத்தில் கூடிவிட்டனர்.

அன்று கடற்காற்று வரவில்லை. தென்மேற்குக் காற்றுப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மூத்தவன் நம்மிடம் வந்து, "சாமி, காத்து ரொம்ப பலமா இருக்கு. நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்" என்றான். நாம் கேட்கவில்லை. இத்தனை பேர் காத்திருக்கிறார்களே, ஒரு முறை பறக்கவிட்டால் போதும் என்றோம். அவன் தயங்கினான். நாம் மீண்டும் வற்புறுத்தினோம். சாமியாரின் சொல்லை மறுத்துப் பழகாத பிள்ளை; விமானத்தை எடுத்துக்கொண்டு போனான்.

நூலில் ஏறிய விமானம் விரைவிலேயே உச்சிக்குப் போய்க் கழன்றது. கூட்டம் கைதட்டியது. அடுத்த கணமே காற்று அதை வடக்கு நோக்கித் தள்ளலாயிற்று. அவன் மூக்கைத் தாழ்த்தி எதிர்த்துப் பார்த்தான். விமானம் ஓரடி முன்னேறினால் ஈரடி பின்னுக்குப் போயிற்று. மைதானத்திற்கு வடக்கே இரயில் பாதை. அதன்மேல் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பிகள். விமானம் அவற்றில் சிக்கினால் அதை எடுக்கச் சிறுவர்கள் ஓடுவார்கள். அவன் இரண்டொரு வினாடிதான் யோசித்திருப்பான். விமானத்தைத் திடீரென ஒருபுறம் சாய்த்து, பாதைக்கு இப்பாலிருந்த சீமைக் கருவேலம் புதருக்குள் செங்குத்தாக இறக்கிவிட்டான். இறக்கை இரண்டாக ஒடிந்தது.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. விருந்தினர் முன் நமக்கு அவமானமாகத் தோன்றியது. நன்றாகப் பழகாதவன் ஏன் இந்தப் பொறுப்பை ஏற்றாய் என்று, பலரும் கேட்கும்படி அவனைக் கடிந்துகொண்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

கடைசிப் பக்கம்

மூன்று ஞாயிறுகள் அவன் திருப்பலிக்கு வரவில்லை. தாழ்வாரம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு நாள் இளையவன் ஒருவன், அலமாரியைத் துடைக்கும்போது கிடைத்ததென்று சொல்லி அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கடைசிப் பக்கத்தைப் புரட்டினோம். விழா நாளின் தேதி இருந்தது. அதன் கீழ் இவ்வாறு எழுதியிருந்தது:

'காற்று: கிளைகள் முழுதும் ஆடின. நேர்ந்தது: கம்பிப் பக்கம் போயிற்று, புதரில் இறக்கினேன். காரணம்: பறக்கவிடக் கூடாத காற்றில் பறக்கவிட்டேன். அடுத்த முறை: யார் சொன்னாலும் முடியாது என்று சொல்ல வேண்டும்.'

நம் பெயரை அவன் எழுதவில்லை. 'யார் சொன்னாலும்' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டான். அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. காற்றின் வலிமையை அறிந்தவன் அவன், அறியாதவர் நாம். தடுத்தவன் அவன், ஏவியவர் நாம். கம்பியையும் சிறுவர்களையும் எண்ணித் தன் இரண்டு மாத உழைப்பைத் தானே உடைத்துக்கொண்டவனைத் தோற்றவன் என்று ஊரார் முன் நிறுத்தியவரும் நாமே.

மறுநாள் மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம். தாயார் "வாங்க சாமி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தந்தை அப்போதுதான் பணிமனையிலிருந்து திரும்பியிருந்தார். மகனை அழைக்கச் சொல்லி, பெற்றோரின் முன்னிலையிலேயே, அன்று நேர்ந்த தவறு நம்முடையதே, அவனுடையது அன்று என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தந்தை பதறிப்போனார். "நீங்க போயி இப்படிச் சொல்லலாமா சாமி?" என்றார். பிறகு நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "அன்னிக்கு ராத்திரி நானும் இவனை அடிச்சிட்டேன் சாமி" என்றார். நம்முடைய ஒரு சொல் அந்த வீட்டிற்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

அவர் எழுந்துபோய்ப் பரணில் துணி சுற்றி வைத்திருந்த துண்டுகளை இறக்கிக் கொண்டுவந்தார். மகன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வால் நல்லா இருக்கு சாமி. இறக்கை மட்டும்தான் புதுசா செய்யணும்" என்றான். அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிவில் நடந்ததை மக்களுக்கும் எடுத்துரைத்தோம். பலர் முன் சொன்ன பழியைப் பலர் முன்தானே திரும்பப் பெற வேண்டும்!

காற்றிடம் பாடம் கேட்டவர்கள்

தவறிலிருந்து கற்பது பற்றிப் பிற்பாடு படிக்கத் தொடங்கியபோது, மனிதன் பறக்கக் கற்ற வரலாறே தவறுகளின் வரலாறுதான் என்று கண்டோம். ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் தாமே செய்த சறுக்கு விமானங்களில் 2,000 முறைக்கு மேல் பறந்தார். 1896 ஆகஸ்டு 9 அன்று அவருடைய விமானத்தின் மூக்கு நிமிர்ந்து வேகம் குன்றியது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் இறந்தார். நம் இளைஞர்கள் நோட்டில் எழுதிய அந்த இரண்டாவது தவறு ஒரு மேதையின் உயிரையே வாங்கிய தவறு.

அவருடைய மறைவே அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களைச் சிந்திக்கத் தூண்டியது. அவர்கள் 1900இலும் 1901இலும் கிட்டி ஹாக் கடற்கரையில் சறுக்கு விமானங்களைச் சோதித்தனர். 1901ஆம் ஆண்டு விமானம், கணக்குப்படி தாங்க வேண்டிய எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே தாங்கியது. மனம் சோர்ந்தாலும், முன்னோர் தந்த எண்களிலேயே பிழை இருக்கலாமோ என்று அவர்கள் ஐயுற்றனர். ஆறடி நீளப் பெட்டி ஒன்றில் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 வகைச் சிறு இறக்கைகளை ஒவ்வொன்றாக அளந்தனர். அதன் பயனாக 1902இல் செய்த விமானம் நூற்றுக்கணக்கான முறை நன்றாகச் சறுக்கியது. 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சின் பூட்டிய விமானம் முதலில் 12 வினாடியும், நான்காம் முறை 59 வினாடியும் பறந்தது. அதன்பின் தரையில் நின்ற அவ்விமானத்தைக் காற்றுப் புரட்டிப்போட்டு உடைத்துவிட்டது. வெற்றி பெற்ற நாளிலும் காற்று தன் பாடத்தை நிறுத்தவில்லை!

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நம்மை இன்னும் ஆழமாகத் தொட்டது. 1979 ஆகஸ்டு 10 அன்று, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி புறப்பட்டது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்ற அப்துல் கலாம். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் ஏவூர்தி வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் காத்திருந்தனர். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் அவர்கள் முன் தாமே சென்று, பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் வெற்றியுடன் சுற்றுப்பாதையை அடைந்தபோதோ, பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். கலாம் இதனைப் பல மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தோல்வியில் முன்னே நின்று, வெற்றியில் பின்னே நின்றார் அந்தத் தலைவர். நாமோ அண்ணனூர் மைதானத்தில் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டோம்.

அதே நிறுவனம் அண்மையில் செய்த சோதனை ஒன்றும் நம் விமானத்தை நினைவூட்டியது. கருநாடக மாநிலம் சித்ரதுர்காவில், புஷ்பக் எனும் இறக்கையுள்ள ஊர்தியை ஹெலிகாப்டரில் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிச் சென்று விட்டார்கள். எஞ்சின் இன்றி, ஆள் இன்றி, அது தானே சறுக்கி வந்து ஓடுபாதையில் இறங்கியது. 2023 ஏப்ரலில் எளிய நிலையிலும், 2024 மார்ச்சில் ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து 150 மீட்டர் விலக்கியும், அதே ஆண்டு ஜூனில் 500 மீட்டர் விலக்கி, கடுமையான காற்றிலும் சோதித்தார்கள். எளியதில் தொடங்கி, ஒவ்வொரு படியாகக் கடினத்தைக் கூட்டுவதே அறிஞர் வழி. முதல் மேடையிலேயே முந்நூறு பேர் முன் சோதிப்பது நம் வழியாக இருந்தது!

பெற்றோருக்கு ஒரு சொல்

இன்று இத்தகைய விமானங்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆளில்லா வானூர்திகளுக்கென 2021ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆவடிச் சுற்றுவட்டாரத்தில் பாதுகாப்பு நிலையங்கள் பல உள்ளன. எனவே எங்கே பறக்கவிடலாம் என்று விசாரித்தறியாமல் எதையும் வானில் ஏற்றலாகாது. மின்கம்பி, இரயில் பாதை, சாலை, மக்கள் கூட்டம் ஆகியவற்றின் அருகே கூடவே கூடாது. கம்பியில் சிக்கியதை எடுக்க ஒருபோதும் முயலக் கூடாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறருக்குச் சொல்கிறோம். வீட்டுப் பிள்ளைக்குச் சறுக்கினால் மட்டும் பொறுப்பதில்லை. மதிப்பெண் குறைந்தால், பொருள் உடைந்தால், முதலில் எழும் கேள்வி 'யார் செய்தது?' என்பதே. அந்தக் கேள்விக்குப் பயந்த பிள்ளை உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. 'என்ன நேர்ந்தது? ஏன் நேர்ந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறக்கும். சில வேளைகளில் அந்த விடையில் நம் பங்கும் வெளிப்படும். அப்போது அதை ஒப்புக்கொள்ள நமக்குத் துணிவு வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இதுவே: பிறர் குற்றத்தை எழுதுவதன்று, நம் பக்கத்தை நாமே எழுதுவது.

அந்த இளைஞன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சியாளர்களுக்குப் பொறுப்பாளனாக இருக்கிறான். அவனிடம் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளிலேயே ஒரு நோட்டுக் கொடுக்கிறானாம். முதல் மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் அவன் சேர்த்திருக்கிறான் என்று அண்மையில் நம்மைக் காண வந்தபோது சொன்னான். 'வேண்டாம் என்று உனக்குத் தோன்றியபோது யாரிடம் சொன்னாய்? அவர் கேட்டாரா?' என்பதே அந்தக் கேள்வி.